நகரும் பனியின் மேல் நிற்கும் நிலையம்: துருவ ஆய்வுகளைத் தாங்கும் பொறியியல்

2014ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் திகதி, அந்தாட்டிக்காவிலுள்ள பிரித்தானியாவின் ஹலி ஆய்வுநிலையத்தில் மின்சாரம் நின்றுபோனது. தென்துருவப் பகுதிக்கு அது நடுக்குளிர்காலம். சூரியன் அடிவானத்துக்கு மேலே வராத நாட்கள். வெளியே வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 55 பாகை செல்சியஸ். நிலையத்துக்குள் 13 பேர் இருந்தார்கள். கடல் உறைந்திருந்ததால் கப்பல் வர முடியாது. இருளிலும் குளிரிலும் விமானம் இறங்குவதும் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமல்ல.

மின்பிறப்பாக்கிகளைக் குளிர்விக்கும் திரவம் ஓரிடத்தில் கசிந்ததுதான் காரணம். 19 மணித்தியாலங்களின் பின்னர் மின்சாரத்தின் ஒரு பகுதியை மீட்டெடுத்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் வானிலைப் பதிவைத் தவிர மற்ற ஆய்வு வேலைகள் எல்லாம் நிறுத்தப்பட்டன. கோடிக்கணக்கில் செலவிட்டுக் கட்டிய, உலகின் மிக நவீனமான துருவ நிலையங்களில் ஒன்று, ஒரு கசிவினால் உயிர்பிழைக்கும் முகாமாகச் சுருங்கிவிட்டது.

அந்தாட்டிக்கா பற்றிய செய்திகளில் நாம் காண்பது பெரும்பாலும் கண்டுபிடிப்புகளையே. ஓசோன் துளை, பனி உருகுதல், பல இலட்சம் ஆண்டு பழைமையான காற்றுக் குமிழிகள் என்று அவை வருகின்றன. அந்தக் கண்டுபிடிப்புகளுக்குப் பின்னால் நிற்கும் மெக்கானிக்குகள், மின்தொழிலாளர்கள், குழாய் பொருத்துநர்கள், பௌசர் இழுப்பவர்கள் பற்றி எழுதப்படுவது குறைவு. ஹலியில் ஒரு குளிர்காலத்தைக் கழித்த குழுவை எடுத்துக்கொண்டால், அதில் ஆய்வுக்கென்றே வந்தவர்கள் சிறுபான்மையினர். சமையலாளர், மருத்துவர், மின்பிறப்பாக்கி மெக்கானிக், வாகன மெக்கானிக், மின்தொழிலாளர், குழாய் பொருத்துநர், தொடர்பாடல் பொறுப்பாளர் என்று மற்றவர்களே அதிகம். அவர்களது வேலையை ஒரு வசனத்தில் சொல்வதானால், அளவிடும் கருவி ஒரு நாளும் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது.

கடலுக்குப் போய்ச் சேரும் தரை

ஹலி நிலையம் நிற்பது நிலத்திலல்ல. அந்தாட்டிக்கக் கண்டத்திலிருந்து மெல்ல வழிந்துவரும் பனியாறுகள் கடலை அடைந்ததும் உடனே உடைந்துவிடுவதில்லை. நூறு மீற்றருக்கும் அதிகமான தடிப்புள்ள தட்டையாகக் கடலின்மேல் மிதந்தபடி நீள்கின்றன. இதனைப் பனித்தட்டு எனலாம். வெடெல் கடலோரம் உள்ள புறண்ட் பனித்தட்டின் மேல்தான் 1956இல் ஹலி அமைக்கப்பட்டது. 1957-58இல் நடந்த சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டுக்காக பிரித்தானிய ரோயல் சொசைட்டி அனுப்பிய குழுவினர் அதனைக் கட்டினார்கள். வால்வெள்ளியால் பெயர்பெற்ற வானியலாளர் எட்மண்ட் ஹலியின் பெயர் அதற்கு இடப்பட்டது.

இந்த இடத்தில் கட்டடம் கட்டுபவருக்கு இரண்டு எதிரிகள். முதலாவது, மேலிருந்து வருவது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றருக்கும் மேல் பனி குவிகின்றது. அது உருகுவதில்லை. ஆண்டாண்டாக ஒன்றன்மேல் ஒன்றாய் இறுகுவதால், நேற்று நிலமட்டத்தில் இருந்த கதவு சில ஆண்டுகளில் கிணற்றின் அடியில் இருப்பது போலாகிவிடும். இரண்டாவது எதிரி கீழே இருக்கின்றது. பனித்தட்டு முழுவதுமே ஆண்டுக்குச் சில நூறு மீற்றர் வீதம் கடலை நோக்கி நகர்கின்றது. விளிம்பை அடைந்த பகுதி உடைந்து பனிமலையாக மிதந்து போகும். அதன்மேல் எதனைக் கட்டினாலும் அது ஒருநாள் கடலுக்குப் போய்ச் சேரும். எப்போது என்பது மட்டுமே கேள்வி.

முதல் நான்கு ஹலி நிலையங்களும் பனிக்குள் புதைவதை ஏற்றுக்கொண்டே கட்டப்பட்டவை. 1956இல் அமைந்தது மரக் குடில்கள். 1967இல் வந்த இரண்டாவது நிலையமும் மரந்தான், கூரைகளுக்கு மட்டும் உருக்குத் தாங்கிகள் கொடுத்தார்கள். அது ஏழாண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1973இல் மூன்றாவது நிலையத்தை நெளிந்த உருக்குத் தகட்டாலான பெரிய குழாய்களுக்குள் வைத்தார்கள். பனி அமுக்கினாலும் குழாய் தாங்கும் என்பது கணக்கு. பத்தாண்டுகளில் அந்தக் கணக்கும் தீர்ந்தது. நான்காவதில் ஒன்பது மீற்றர் விட்டமுள்ள ஒட்டுப்பலகைக் குழாய்களுக்குள் இரண்டு மாடிக் கட்டடங்கள் அமைந்தன. உள்ளே இறங்குவதற்குச் செங்குத்தான வழிகள். பனிக்குக் கீழே வாழ்ந்த அந்த ஆண்டுகளில் கூரை நெரிபடும் சத்தத்தோடும், வளைந்துபோகும் கதவு நிலைகளோடும், காற்றோட்டக் குழாய்களை ஆண்டுதோறும் மேலே நீட்டும் வேலையோடும் அந்தக் குழுக்கள் மல்லுக்கட்டின. பதுங்குகுழியின் மேல்மண் கனத்தால் குற்றிகள் வளைவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வித்தியாசம், இங்கே மேலே விழுகின்ற மண் ஒருநாளும் நிற்பதில்லை.

கைவிடப்பட்ட மூன்றாவது நிலையம் 1993இல் மீண்டும் கண்ணுக்குத் தென்பட்டது. பனித்தட்டோடு நகர்ந்து விளிம்பை அடைந்து, கடலோரப் பனிச் செங்குத்தின் முகத்தில் அதன் உருக்குக் குழாய்கள் அறுபட்ட நிலையில் வெளிப்பட்டன. ஒரு காலத்தில் மனிதர் உண்டு உறங்கிய அறைகள், பல மீற்றர் பனிக்குக் கீழிருந்து கடலைப் பார்த்துத் திறந்துகொண்டிருந்தன.

ஐந்தாவது நிலையத்தில் அணுகுமுறை மாறியது. பிரதான கட்டடங்கள் உருக்குக் கால்களின் மேல் நிறுத்தப்பட்டன. ஒவ்வொரு கோடையிலும் அவற்றை உயர்த்துவார்கள். பனி மேலே வரும் எதிரியை இது வென்றது. ஆனால் கீழே நகரும் எதிரிக்கு விடையில்லை, ஏனெனில் கால்கள் பனிக்குள் நிலையாகப் பதிந்திருந்தன. அதே வளாகத்தில் கோடைகாலக் குழுவினர் தங்கும் ஒரு கட்டடத்தைச் சறுக்குக்கட்டைகளின் மேல் வைத்து ஆண்டுதோறும் இழுத்து இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நிலையத்துக்கான யோசனை உண்மையில் அங்கேயே, கண்முன்னால் கிடந்தது.

கால்களும் சறுக்குக்கட்டைகளும்

ஆறாவது ஹலிக்கான வடிவமைப்புப் போட்டி 2004இல் அறிவிக்கப்பட்டது. ஹியூ புறோட்டன் என்ற கட்டடக்கலைஞரின் நிறுவனம், பொறியியலாளர்களுடன் இணைந்து அதனை வென்றது. அவர்கள் முன்வைத்தது எட்டுப் பெட்டிகள் கொண்ட ஒரு தொடர். புகையிரதப் பெட்டிகளைப் போல ஒன்றோடொன்று இணைந்தவை. நடுவில் பெரிய சிவப்புப் பெட்டி, மற்றவை நீலம். ஒவ்வொன்றுக்கும் நீரியல் அமுக்கத்தால் இயங்கும் கால்கள். ஒவ்வொரு காலின் அடியிலும் பெரிய சறுக்குக்கட்டை. பனி உயரும்போது காலை ஒவ்வொன்றாகத் தூக்கி, கீழே பனியை நிரப்பி, மீண்டும் ஊன்றிக்கொள்ளலாம். விளிம்பு நெருங்கும்போது பெட்டிகளைக் கழற்றி உள்நோக்கி இழுத்துச் செல்லலாம்.

கட்டுவது வரைவதைவிடக் கடினமாக இருந்தது. பெட்டிகளின் பாகங்கள் தென்னாபிரிக்காவின் கேப்டவுனில் செய்யப்பட்டு கப்பலில் வந்தன. கப்பலிலிருந்து இறக்கியவற்றைக் கடற்பனியின் மேலாக இழுத்துவர வேண்டும். கடற்பனி சில மீற்றர் தடிப்புக்கு மேல் இருப்பதில்லை. ஆகவே ஒரு பாகம் எவ்வளவு நிறை இருக்கலாம் என்பதைத் தீர்மானித்தது வடிவமைப்பாளரல்ல, அந்தப் பனியின் தாங்குசக்திதான். ஆண்டொன்றுக்கு வேலைசெய்யக் கிடைப்பது பத்துக் கிழமைகள் அளவில். அதிலும் காற்று அடித்தால் நாள் கழிந்துவிடும். இப்படிச் சில கோடைகளைக் கடந்து 2012 பெப்ரவரியில் நிலையம் இயங்கத் தொடங்கியது.

இது பிரித்தானியர்களுக்கு மட்டும் உரிய சிக்கலல்ல. ஜேர்மனியின் நொய்மாயர் மூன்று நிலையம் 2009 முதல் 16 நீரியல் தூண்களில் நிற்கின்றது. அதற்கு முந்திய இரண்டும் பனிக்குள் புதைந்தவை. தென்துருவப் புள்ளியிலேயே நிற்கும் அமெரிக்காவின் அமுண்ட்சென்-ஸ்கொட் நிலையத்தில் 1957இல் 18 பேர் முதலாவது குளிர்காலத்தைக் கழித்தார்கள். அந்தக் கட்டடங்களைப் பனி நசுக்கியது. 1975இல் 50 மீற்றர் அகலமான அலுமினியக் குவிமாடம் ஒன்று வந்தது, அதுவும் பனிக்குள் அமிழ்ந்தது. 2008இல் திறக்கப்பட்ட தற்போதைய கட்டடம் தூண்களில் நிற்கின்றது. காற்று வரும் பக்கத்தில் அதன் முகம் விமானச் சிறகு போலச் சரிக்கப்பட்டிருக்கிறது. கட்டடத்துக்கு அடியால் காற்று வேகமாகப் போய்ப் பனியைத் தானே கூட்டித் தள்ளிவிடும் என்பது அதன் உத்தி. இந்தியாவின் முதலாவது நிலையமான தட்சிண் கங்கோத்ரியும் பனித்தட்டில் கட்டப்பட்டுப் பனிக்குள் புதைந்து, 1990இல் கைவிடப்பட்டது. அதன்பின் இந்தியா பாறை நிலத்தைத் தெரிவுசெய்தது. 2012இல் திறக்கப்பட்ட பாரதி நிலையம் 134 கப்பல் கொள்கலன்களை உள்ளே அடுக்கி, வெளியே காற்றைத் தடுக்கும் உறை போர்த்திக் கட்டப்பட்டது. பொருட்களை ஏற்றிவந்த பெட்டியே சுவராகிவிட்டது. எனக்கு இந்த நிலையங்கள் எல்லாவற்றிலும் மிகவும் சிக்கனமான யோசனையாகப் படுவது இதுதான்.

எரிபொருள் என்னும் உயிர்மூச்சு

கட்டடம் நின்றால் மட்டும் போதாது. துருவ நிலையம் ஒன்றின் இதயம் அதன் மின்பிறப்பாக்கி அறை. வெளிச்சம், சூடு, தண்ணீர், தொடர்பாடல், கருவிகள் எல்லாமே அங்கிருந்து தொடங்குகின்றன. அதனாலேயே மிக மோசமான விபத்துகளும் அந்த அறையிலேயே நடந்திருக்கின்றன.

1982 ஏப்ரல் 12ஆம் திகதி, சோவியத் ஒன்றியத்தின் வொஸ்ரொக் நிலையத்தின் மின்நிலையத்தில் தீப்பிடித்தது. உலகின் மிகக் குளிரான இடங்களில் ஒன்று அது. அடுத்த ஆண்டு ஜூலையில் பூச்சியத்துக்குக் கீழே 89.2 பாகை அங்கே பதிவானது. தீயில் மெக்கானிக் ஒருவர் இறந்தார். மின்பிறப்பாக்கிகள் அழிந்தன. குளிர்காலம் தொடங்கிவிட்டிருந்ததால் எவரும் போய் மீட்க முடியவில்லை. மீதமிருந்த 20 பேரும் வெற்று எரிவாயு உருளைகளை வெட்டி அடுப்புச் செய்து, டீசலை எரித்து, மெழுகில் திரி வைத்துக் குளிரைத் தாண்டினார்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்த தலைமுறைக்கு அந்த அறையின் கரியும் புகையும் மூக்கில் வரும்.

2012 பெப்ரவரியில் பிரேசிலின் கொமண்டான்டே பெராஸ் நிலையத்திலும் தீ தொடங்கியது மின்பிறப்பாக்கிகள் இருந்த பகுதியிலேயே. கடற்படையினர் இருவர் உயிரிழந்தார்கள். நிலையத்தின் பெரும்பகுதி எரிந்தது. புதியது திறக்க 2020 ஆனது. இப்படியான அனுபவங்களால்தான் இன்று ஒரு நிலையத்தில் மின்பிறப்பாக்கிகளை ஓரிடத்தில் குவிப்பதில்லை. ஹலியில் அவை வெவ்வேறு பெட்டிகளில் பிரித்து வைக்கப்பட்டன. ஒரு பக்கம் எரிந்தாலும் மறுபக்கத்தில் உயிர் தங்கவேண்டும்.

அந்த எரிபொருளை அங்கே கொண்டுசேர்ப்பது தனிக் கதை. சாதாரண டீசல் கடுங்குளிரில் மெழுகுபோல இறுகிவிடும் என்பதால் விமான எரிபொருளை ஒத்த கலவைகளே பயன்படுகின்றன. தென்துருவத்துக்குப் பல தசாப்தங்களாக எரிபொருள் போனது சக்கரத்தோடு சறுக்குக்கட்டையும் பூட்டிய ஹெர்குலிஸ் விமானங்களில். அவற்றை ஓட்டுவது நியூயோர்க் மாநில வான்காவற் படையின் ஒரு பிரிவு. ஒரு விமானம் கொண்டுபோய்க் கொடுக்கும் எரிபொருளுக்கு, தான் போய்வர எரிப்பதும் கொஞ்சநஞ்சமல்ல. 1959இல் கைச்சாத்தான அந்தாட்டிக்க உடன்படிக்கையின் முதலாவது உறுப்புரை அங்கே இராணுவத் தளங்களையும் பயிற்சிகளையும் ஆயுதச் சோதனைகளையும் தடைசெய்கின்றது. ஆனால் அறிவியல் ஆய்வுக்காகப் படையினரையும் படை உபகரணங்களையும் பயன்படுத்த இடம் கொடுக்கின்றது. அந்த இடைவெளியில்தான் இந்த விமானங்கள் பறக்கின்றன.

2002 முதல் 2005 வரை நான்கு கோடைகள் எடுத்து அமெரிக்கர்கள் கரையோர மக்மேடோ நிலையத்திலிருந்து துருவம் வரை ஒரு தரைவழியை உருவாக்கினார்கள். நீளம் ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். வீதி என்று சொன்னாலும் அது தாரிட்டதல்ல, இறுக்கி அடையாளக்கொடி நட்ட பனித் தடம். மிகவும் ஆபத்தான பகுதி தொடக்கத்திலேயே வந்தது. இரண்டு பனித்தட்டுகள் ஒன்றையொன்று உரசும் அந்த இடத்தில் பனிக்குள் ஆழமான வெடிப்புகள் மறைந்திருக்கின்றன. மேலே மெல்லிய பனிக்கூரை இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வாகனத்துக்கு முன்னால் நீண்ட கோலில் ராடர் கருவியைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து, வெடிப்பு ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து, கூரையை வெடிவைத்துத் திறந்து, புல்டோசரால் பனியைத் தள்ளி நிரப்பி முன்னேறினார்கள். கண்ணிவெடி அகற்றும் அணியினர் ஒரு சதுரமீற்றரில் எவ்வளவு நேரம் செலவிடுவார்கள் என்று கண்டவர்கள், சில கிலோமீற்றருக்கு ஒரு கோடை முழுவதும் போனதில் வியப்படைய மாட்டார்கள்.

இன்று அந்தத் தடத்தில் உழவு இயந்திரத் தொடரணிகள் போகின்றன. எரிபொருளைத் தாங்கிகளில் ஏற்றுவதில்லை. பெரிய இறப்பர்ப் பைகளில் நிரப்பி, வழுவழுப்பான பிளாஸ்ரிக் விரிப்பின் மேல் கிடத்தி இழுக்கிறார்கள். உருக்குச் சறுக்குவண்டியைவிட இது இலகு, மலிவு. கடுங்குளிரில் பனி வழுக்குவதில்லை, மணலைப் போல உரசிப் பிடிக்கும். ஆகவே சறுக்கும் பரப்பு என்ன பொருளால் ஆனது என்பதே எத்தனை லீற்றர் போய்ச்சேரும் என்பதைத் தீர்மானிக்கிறது.

எரிபொருள் தலையிடியிலிருந்து ஒரேயடியாகத் தப்ப அமெரிக்கா ஒருமுறை முயன்றது. 1962இல் மக்மேடோவில் சிறிய அணு உலை ஒன்றை நிறுவினார்கள். பழுதுகள் தொடர்ந்ததால் 1972இல் அது மூடப்பட்டது. மாசுபட்ட மண்ணையும் பாறையையும் அள்ளிக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பெல்ஜியத்தின் பிரின்சஸ் எலிசபெத் நிலையம் 2009 முதல் காற்றாலும் சூரியனாலும் இயங்குகின்றது. ஆனால் அது பாறையில் ஊன்றிய, கோடையில் மட்டும் ஆட்கள் தங்கும் நிலையம். முழு இருளில் மாதக்கணக்காக ஆட்கள் வாழும் பெரிய நிலையங்களுக்கு இன்னமும் எண்ணெய்தான்.

தண்ணீரும் துளையும்

உலகின் நன்னீரில் பெரும்பகுதி உறைந்து கிடக்கும் கண்டத்தில் குடிக்கத் தண்ணீர் எடுப்பது பெரும்பாடு. பனியை உருக்க வேண்டும், உருக்க எரிபொருள் வேண்டும். தென்துருவத்தில் இதற்குப் பயன்படுவது கிணறு. 1960களின் தொடக்கத்தில் கிரீன்லாந்தில் அமெரிக்க இராணுவம் பனிக்குள் தோண்டியிருந்த சென்சுரி முகாமில் ரொட்ரிகஸ் என்ற பொறியியலாளர் கண்டுபிடித்த முறை அது. பனிக்குள் ஆழமாகத் துளையிட்டுச் சுடுநீரை இறக்கினால் அடியில் ஒரு குளம் உருவாகும். அதிலிருந்து நீரை மேலே எடுத்து, ஒரு பகுதியை மின்பிறப்பாக்கியின் கழிவுச்சூட்டில் சூடாக்கித் திருப்பி அனுப்பிக்கொண்டேயிருந்தால் குளம் உறையாது. மின்பிறப்பாக்கி எப்படியும் வெளியே விடும் சூட்டைத்தான் இது பயன்படுத்துகின்றது. கிணறு அதிக ஆழம் போனதும் புதியதைத் தொடங்குவார்கள், பழையதைக் கழிவுநீர் விடப் பயன்படுத்துவார்கள். இவ்வளவு இருந்தும் தென்துருவத்தில் குளியல் கிழமைக்கு இருமுறை, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் என்பது பழகிப்போன விதி.

அதே சுடுநீர் நுட்பம் பெரிய அளவில் போனதுதான் ஐஸ்கியூப் என்னும் நியூட்ரினோ ஆய்வகம். 2004 முதல் 2010 வரையான கோடைகளில், ஏறத்தாழ இரண்டரை கிலோமீற்றர் ஆழமான 86 துளைகள் சுடுநீரைப் பீய்ச்சியே உருக்கப்பட்டன. துளை மீண்டும் உறைந்துவிடுமுன் ஒளியுணரிகள் கோத்த வடத்தை இறக்கிவிட வேண்டும். 5,160 உணரிகள் இப்படிப் பனிக்குள் நிரந்தரமாக உறைந்திருக்கின்றன. பழுதானால் வெளியே எடுக்க வழியே கிடையாது. ஆகவே மேலே இருக்கும்போதே எல்லாவற்றையும் சோதித்து முடித்திருக்க வேண்டும்.

வடதுருவத்தில் நிலைமை வேறு. அங்கே கண்டமே இல்லை, உறைந்த கடல் மட்டும்தான். 1937இல் சோவியத்தின் பபானின் தலைமையில் நால்வர் ஒரு பனிப்பாளத்தின் மேல் முகாமிட்டு மாதக்கணக்கில் மிதந்து போனார்கள். 2019-20இல் ஜேர்மனியின் போலார்ஸ்ரேர்ன் கப்பல் பனிக்குள் தன்னை உறையவிட்டு ஏறத்தாழ ஓராண்டு மிதந்தது. நிலையத்தை நகர்த்தும் கவலை அங்கே இல்லை, நிலையமே நகர்ந்துகொண்டிருக்கும்.

ஏன் ஒரு நாள்கூட நிற்கக்கூடாது

இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஹலியின் பதில் ஒரு நீண்ட எண்வரிசை.

1956இல் தொடங்கிய நிலையத்தில், டொப்சன் ஒளிமானி என்ற கருவியால் தலைக்கு மேலுள்ள ஓசோனின் அளவை எடுத்துவந்தார்கள். கையால் இயக்கும் கருவி. யாரோ ஒருவர் சூரிய ஒளியைப் பார்த்து, எண்ணைக் குறித்து, ஊருக்கு அனுப்புவார். கால் நூற்றாண்டு அளவுக்கு அதில் பரபரப்பாக எதுவும் இல்லை. பணம் ஒதுக்குபவர்களுக்கு இப்படியான பதிவுகள் எப்போதும் வீண்செலவாகவே தெரியும். 1980களின் தொடக்கத்தில் ஒக்ரோபர் மாத அளவுகள் சரியத் தொடங்கின. கருவி பழுதோ என்று சந்தேகித்துப் புதிய கருவியை அனுப்பினார்கள். அதுவும் அதையே காட்டியது. ஏறத்தாழ 300 டொப்சன் அலகாக இருந்த ஒக்ரோபர் சராசரி 1984 அளவில் 200க்கு அண்மையாக வந்திருந்தது. 1985 மே மாதம் ஜோ பார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்ளின் மூவரும் இதனை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். 1987 செப்ரெம்பரில் மொன்றியல் உடன்படிக்கை உருவானது. குளிர்சாதனப்பெட்டிகளிலும் விசிறல் போத்தல்களிலும் இருந்த வாயுக்கள் உலகம் முழுவதும் படிப்படியாகக் கைவிடப்பட்டன.

சரிவு சரிவாகத் தெரிந்ததற்குக் காரணம் அதற்கு முந்திய நீண்ட வரிசை. அந்த ஆண்டுகளுக்கிடையில் நிலையம் பலமுறை நசுங்கி, கைவிடப்பட்டு, புதிதாகக் கட்டப்பட்டது. எண்கள் தொடர்ந்தன. கட்டுரையில் மூன்று பெயர்கள் இருக்கின்றன. புதைந்துபோன கதவைத் தோண்டித் திறந்தவர்களினதும் மின்பிறப்பாக்கியை ஓடவைத்தவர்களினதும் பெயர்கள் அதில் இல்லை. அறிவியல் கட்டுரைகளின் வழமை அப்படி. 1961இல் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் மருத்துவர் லியோனிட் ரொகொசொவ் தனது குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார் என்பது பலர் அறிந்த கதை. அவர் தன் வயிற்றைப் பார்ப்பதற்காகக் கண்ணாடி பிடித்துக்கொண்டு நின்றவர் அந்த நிலையத்தின் மெக்கானிக் என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

வெடிப்பு

புறண்ட் பனித்தட்டில் பல தசாப்தங்களாக அசையாமல் கிடந்த ஒரு பெரிய வெடிப்பு 2012இல் மீண்டும் விரியத் தொடங்கியதைச் செய்மதிப் படங்கள் காட்டின. அது முழுவதும் பிளந்தால் நிலையம் நிற்கும் பகுதி பனிமலையோடு போய்விடும். சறுக்குக்கட்டைகள் எதற்காக வைக்கப்பட்டனவோ அந்த நாள், நிலையம் இயங்கத் தொடங்கி ஐந்தாண்டுகளுக்குள் வந்துவிட்டது.

எட்டுப் பெட்டிகளும் கழற்றப்பட்டன. உழவு இயந்திரங்களும் புல்டோசர்களும் பூட்டி, ஒவ்வொன்றாக 23 கிலோமீற்றர் உள்நோக்கி இழுத்துச் சென்றார்கள். 2017 பெப்ரவரி தொடக்கத்தில் வேலை முடிந்தது. கணக்கிட்டபடி எல்லாம் நடந்த அபூர்வமான பெரிய வேலைகளில் ஒன்று.

ஆனால் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 2016 ஒக்ரோபர் 31ஆம் திகதி, வேறொரு புதிய வெடிப்பு மறுபக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பொருட்கள் கொண்டுவரும் பாதையையே அது குறுக்கறுத்தது. அது எப்படி நடந்துகொள்ளும் என்று பனியியலாளர்களால் உறுதி சொல்ல முடியவில்லை. கோடையில் ஏதாவது நடந்தால் விமானத்தில் ஆட்களை எடுத்துவிடலாம். குளிர்காலத்தில் முடியாது. அவ்வாண்டு 16 பேர் குளிர்காலம் தங்கவிருந்தார்கள். அவர்களைத் திருப்பி அழைத்துக்கொள்வதென 2017 ஜனவரியில் முடிவெடுக்கப்பட்டது. 1956இலிருந்து ஆட்கள் இல்லாமல் ஒரு குளிர்காலமும் கழிந்திராத நிலையம் பூட்டப்பட்டது. அதன்பின் இன்றுவரை ஹலியில் கோடையில் மட்டுமே ஆட்கள் இருக்கிறார்கள்.

எண்வரிசை அறுந்துவிடும் நிலை வந்தது. ஆட்களுக்குச் சூடும் தண்ணீரும் சமையலும் தேவையில்லை என்றால் கருவிகளுக்குத் தேவையான மின்சாரம் மிகச் சொற்பம். ஆனால் அந்தச் சொற்பத்தை, யாருமே தொடாமல், எண்ணெய் மாற்றாமல், ஒன்பது மாதம், இருளிலும் புயலிலும் தருவது எப்படி? சாதாரண டீசல் மின்பிறப்பாக்கிக்குக் குறித்த மணித்தியாலங்களுக்கு ஒருமுறை ஆள் வேண்டும். தெரிவுசெய்யப்பட்டது நுண் சுழலி ஒன்று. சிறிய ஜெட் இயந்திரத்தைப் போன்றது, விமான எரிபொருளில் ஓடுவது, அசையும் பாகங்கள் குறைந்தது. அதனை ஒரு கொள்கலனுக்குள் வைத்து, எரிபொருள் தாங்கிகளை இணைத்து, செய்மதித் தொடர்பு கொடுத்து, கருவிகளோடு பூட்டினார்கள். 2019ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அது முதன்முறையாகத் தனியே ஓடியது. கையால் இயக்கிய ஓசோன் கருவிக்கும் தானியங்கு வடிவம் செய்யப்பட்டது.

பழைய வெடிப்பு 2023 ஜனவரி 22ஆம் திகதி முழுவதுமாகப் பிளந்தது. ஏறத்தாழ 1,550 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள பனிமலை கழன்று போனது. யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு. அப்போது நிலையத்தில் 21 பேர் இருந்தார்கள். நிலையம் பழைய இடத்தில் நின்றிருந்தால் அந்தப் பனிமலையின் மேல்தான் இருந்திருக்கும்.

இழுத்துவைத்த புதிய இடத்தில் எட்டுப் பெட்டிகளும் இப்போதும் நிற்கின்றன. கோடை முடிவில் கடைசிக் குழு புறப்படுமுன் கால்களை உயர்த்தி, தாங்கிகளை நிரப்பி, சுழலியை ஓடவிட்டுப் போகிறது. அடுத்த கோடையில் வரும் மெக்கானிக்கின் முதல் வேலை, பனிக்குள் அமிழ்ந்திருக்கும் அந்தக் கொள்கலனைத் தோண்டி எடுத்துச் சுழலி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பது.